சுரங்கத்திலிருந்து வந்த வைத்தியச் சட்டம்



வீட்டில் ஒருவர் காய்ச்சல் என்று படுத்துவிட்டால் முதலில் வருவது நோயைப் பற்றிய பயமா, செலவைப் பற்றிய பயமா? லயத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தச் செலவுப் பயத்தை ஒரு நாட்டை விட்டே விரட்டப் பாடுபட்ட தொழிலாளி ஒருவரின் கதையை இன்று பார்ப்போம். அவர்தான் அனைரின் பெவன்.

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியிலுள்ள டிரெடிகர் என்ற நிலக்கரி ஊரில் 1897-ல் பிறந்தார். அப்பா சுரங்கத் தொழிலாளி. பிள்ளைகள் பத்துப் பேர். 13 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுச் சுரங்கத்தில் இறங்கினார். பேசினால் நாக்குத் திக்கும். வராத சொல்லுக்குப் பதில் வேறு சொல் வேண்டுமே என்று தொழிலாளர் நூலகத்தில் படித்துப் படித்தே பெரிய பேச்சாளர் ஆனார்.

1925-ல் அப்பா கண்ணை மூடினார். நெஞ்சிலே கரித்தூசி படிந்த நோய். அன்றைய சட்டம் அதைத் தொழிலால் வந்த நோய் என்று ஏற்கவில்லை. நஷ்டஈடு ஒரு காசு கிடையாது.

அதே ஊரில் நல்லதொன்றும் இருந்தது. தொழிலாளர்கள் சம்பளத்தில் பவுனுக்குச் சில பென்ஸ் சந்தா போட்டு, சொந்தமாக வைத்திய சங்கம் நடத்தினார்கள். குடும்பத்துக்கே டாக்டர், மருந்து எல்லாம் கிடைத்தது. நாட்டின் 1911-ஆம் ஆண்டுச் சட்டமோ வேலை செய்பவனுக்கு மட்டும் டாக்டரைக் காட்டிவிட்டு, மனைவி மக்களைக் கைவிட்டது.

பெவன் 1929-ல் பாராளுமன்றம் போனார். 1945-ல் தொழிற்கட்சி ஆட்சியில் சுகாதார மந்திரியானார். 1946-ல் தேசிய சுகாதாரச் சேவைச் சட்டத்தை நிறைவேற்றினார். ஆஸ்பத்திரிகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. செலவு பெரும்பாலும் பொது வரிப்பணத்தில். நோயாளி காசு கட்ட வேண்டாம்.

டாக்டர்கள் சும்மா விடுவார்களா? 1948 பிப்ரவரியில் அவர்கள் சங்கம் எடுத்த வாக்கெடுப்பில் மிகப் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். பெரிய நிபுணர்கள் தனியாகவும் காசு வாங்கி வைத்தியம் பார்க்கலாம் என்று பெவன் விட்டுக்கொடுத்தார். பொது டாக்டர்களை முழுச் சம்பளக்காரர் ஆக்குவதில்லை என்றும் உறுதி கொடுத்தார். ஆனால், நோயாளிக்கு இலவசம் என்ற அடிப்படையை விடவில்லை. 1948 ஜூலை 5-ல் சேவை தொடங்கியது. பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் சனங்கள் திரண்டு வந்தார்கள். அத்தனை காலம் பல்லில்லாமல், பார்வை மங்கி, வாய் திறவாமல் இருந்த ஏழைகள் அவர்கள்!

1951-ல் ஆயுதச் செலவு ஏறியபோது, அதே பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதிக் கட்டணம் என்றது அவருடைய கட்சி அரசாங்கமே. பெவன் மந்திரி பதவியைத் தூக்கிப் போட்டார். 1960 ஜூலை 6-ல் புற்றுநோயால் மறைந்தார்.

மருந்துச் சீட்டுக் கட்டணம் 1952-ல் வந்தது. அவர் பிறந்த வேல்ஸ் 2007-ல் அதை எடுத்துவிட்டது. இங்கிலாந்தில் இன்னும் இருக்கிறது.

நாம் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. அந்தச் சட்டத்துக்கு விதை மந்திரி மாளிகையில் விழவில்லை. தொழிலாளி சம்பளத்திலிருந்து கொடுத்த சில்லறைக் காசில்தான் விழுந்தது. வாங்கிய உரிமையைக் காப்பதும் அதே தொழிலாளியின் வேலைதான்.