வீரமாமுனிவர் பாடிய நாடு

ஆங்கிலப் புலவராகிய வோர்ட்ஸ்வொர்த்தும் கோலரிட்ஜும் 1798ஆம் ஆண்டில் தம் புதுநெறிப் பாடல்களை வெளியிட்டனர். மலையும் ஆறும் உள்ளத்து நிகழ்ச்சிகளுக்குக் குறியாதலை வகுப்பறையில் அவர்பாற் கற்கின்றோம். அதற்கு எழுபதாண்டுகட்கு மேலாக முன்னரே, எம் ஆண்டிமடத்திற்கு அணித்தாய நாட்டில் துறவியொருவர் அம்முறையிற் பாடினர் என்பதை நம் மாணவருட் பலர் நினைப்பதில்லை. அவரே வீரமாமுனிவர்.

பெஸ்கி என்னும் இயற்பெயருடைய அவர் 1680இல் இத்தாலிய நாட்டுக் காஸ்திலியோனே என்னும் ஊரிற் பிறந்தார். 1698இல் இயேசு சபையிற் சேர்ந்தார். 1710இல் கோவாவில் இறங்கி மறு ஆண்டு தென்னாடு புகுந்தார். கொள்ளிடத்து வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவின் திருப்பணியில் நெடுங்காலம் ஈடுபட்டு, அவ்வூரைத் திருக்காவலூர் எனப் போற்றினார். வடக்கே விருத்தாசலத்தை அடுத்த கோனான்குப்பத்திலும் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எடுத்தார். இவ்விரண்டற்கும் இடைப்பட்டது எம் ஊர்.

சூசையப்பரை வளன் எனப் பெயரிட்டு அவர் பாடிய தேம்பாவணி, 36 படலமும் 3615 பாடலும் உடையது, 1726இல் முற்றியது. அதன் நாட்டுப் படலத்தில் யூதேயா நெல்வயலும் தாமரைப் பொய்கையும் நிறைந்த மருதமாகத் தோன்றுகின்றது. அந்நாட்டில் இவை ஏது என்று குறை கூறுவாருளர். காவிய மரபு என்று விடை கூறி அமைவாரும் உளர். யாம் இரண்டற்கும் உடன்படோம்.

எம் ஆண்டிமடமும் மருதமன்று. செம்மண் மேட்டில் முந்திரி காய்க்கும் புன்செய் நிலம். மழை பொய்ப்பின் கிணறும் பொய்க்கும். முனிவர் இப்பக்கத்து வறட்சியைக் கண்ணாற் காணாதவரல்லர். கண்டும் நீர்வளமே பாடினார் எனின், அவ்வளம் யூதேயாவினதும் அன்று, எம்முடையதும் அன்று. மீட்பர் பிறக்கவிருக்கும் மண்ணின்மீது பொழியும் அருளுக்கு அஃது உருவம். புன்செய் உழவனுக்கு அருள் என்பதை நீரினும் விளங்கக் காட்டும் பொருள் யாது? முதற்பொருளாகிய நிலத்தால் உரிப்பொருளை உணர்த்தும் தொல்காப்பிய நெறியை அவர் நன்கறிந்தவர். ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கத்தை 1730இல் இயற்றியவர் அல்லரோ!

அதன்பின் 1732இல் சதுரகராதியை முடித்தார். பரமார்த்த குரு கதையால் நகைக்கவும் வைத்தார். திருக்குறளின் முதலிரு பால்களை இலத்தீனில் ஆக்கினார். முதுமையில் மலையாள நாட்டு அம்பலக்காட்டையடைந்து, 1747இல் அங்கே இறைவனடி சேர்ந்தார்.