கேமரா பிடித்த கேமரூன் அம்மையார்

வில்லியனூர்த் தேரோட்டம் முடிந்த மறுநாளும், பாகூர் ஏரியில் நீர் நிறைந்து பறவைகள் வந்திறங்கும் நாட்களிலும் நம் மாணவியர் பலர் வீட்டுக் கைபேசியில் எடுத்த படங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பர். பேச்சின் முடிவில் ஒரு கேள்வி தவறாமல் வரும். நல்ல படம் எடுக்க எந்தக் கேமரா வாங்க வேண்டும், எந்த லென்ஸ் வாங்க வேண்டும்? பெற்றோரும் கேட்பதுண்டு. பிள்ளை ஆசைப்படுகிறாள், வாங்கிக் கொடுத்தால் பணம் வீணாகிவிடுமோ என்பது அவர்கள் கவலை.

இதற்கு விடையாக விலைப்பட்டியல் ஒன்றை நாம் தரப்போவதில்லை. நாற்பத்தெட்டாம் வயதில் மகள் கொடுத்த கேமராவைக் கையிலெடுத்து உலகப் புகழ் பெற்ற ஒரு பெண்மணியின் வாழ்க்கையைச் சொல்லப் போகிறோம். அவர்தாம் ஜூலியா மார்கரெட் கேமரூன் அம்மையார். பெயரிலேயே கேமரா ஒட்டிக்கொண்டிருப்பது தற்செயலே. ஆனால் அவருக்கும் நம் புதுச்சேரிக்கும் இரத்த உறவு உண்டு என்பது பலர் அறியாத செய்தி.

அம்மையார் 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பேட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. தாய் அடலின், பிரெஞ்சு வழியில் வந்தவர். அடலினின் தாயாரான தெரேஸ் அம்மையார் பிறந்தது நம் புதுச்சேரியில். புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு அதிகாரி ஒருவரை அவர் மணந்தார். அந்தப் பாட்டியின் நிழலில், பிரான்சு நாட்டில்தான் சிறுமி ஜூலியா வளர்ந்து கல்வி கற்றார். பிறகு இந்தியா திரும்பி, 1838இல் கல்கத்தாவில் சார்லஸ் ஹே கேமரூன் என்ற சட்ட அறிஞரை மணந்தார். கணவர் இருபது ஆண்டுகள் மூத்தவர். இலங்கையின் நீதி நிர்வாகச் சீர்திருத்தத்துக்காக முன்னரே அங்குச் சென்று பணியாற்றியவர். அத்தீவில் காப்பித் தோட்டங்களும் வாங்கியிருந்தார்.

கணவர் ஓய்வு பெற்றதும் குடும்பம் இங்கிலாந்து சென்றது. 1860இல் வைட் தீவிலுள்ள ஃப்ரெஷ்வாட்டர் என்னும் கடலோரச் சிற்றூரில் வீடு வாங்கினர். இலங்கைத் தோட்டத்தின் நினைவாக அதற்கு டிம்போலா என்று பெயரிட்டனர். பக்கத்தில் கவிஞர் டெனிசன் வசித்தார். அம்மையாருக்கு ஆண்மக்கள் ஐவர், பெண் ஒருத்தி. பெற்ற பிள்ளைகள் போதாதென்று உறவினரின் அநாதைப் பிள்ளைகளையும் வளர்த்தார். பிச்சையெடுத்து நின்ற ஓர் ஐரிஷ் தாயின் மகளான மேரி ரயனையும் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டார்.

1863ஆம் ஆண்டு டிசம்பரில் கணவர் இலங்கைத் தோட்டத்துக்குச் சென்றிருந்தார். மக்களும் பெரியவர்களாகிவிட்டனர். வீடு வெறிச்சோடியது. தாய் தனிமையில் வாடலாகாதே என்றெண்ணிய மகள் ஜூலியாவும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தனர். கைக்கு அடக்கமான பொருள் என்று நினைத்துவிட வேண்டா. அது மரத்தாலான ஒரு பெட்டி. முன்னால் ஜமான் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் பித்தளைக் குழல் லென்ஸ். பின்னால் ஏறத்தாழ 11 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் உள்ள கண்ணாடித் தகடு.

அக்காலத்தில் படம் எடுப்பது சமையலைவிடக் கடினமான வேலை. கண்ணாடியின் மீது கொலோடியன் என்ற பிசுபிசுத்த திரவத்தை ஒரே சீராக ஊற்ற வேண்டும். இருட்டறையில் அதனை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் உலர்வதற்குள் படம் பிடித்து, ஓடிவந்து துலக்கிக் கழுவ வேண்டும். வெள்ளி நைட்ரேட்டுப் பட்ட கை கறுத்துப் போகும். வீட்டின் கோழிக்கூடு அவருக்குப் படப்பிடிப்பு அறையாயிற்று. நிலக்கரிக் கிடங்கு இருட்டறையாயிற்று. ஈரத் தகட்டுடன் சாப்பாட்டு மேசைக்கு ஓடிவந்து கணவரிடம் காட்டுவார். மேசை விரிப்பெல்லாம் கறை. கணவரோ சிரித்து மகிழ்வார்.

எடுத்த முதற் படமே பாழாயிற்று. அவ்வூர் விவசாயி ஒருவரைக் கூலி கொடுத்து உட்காரவைத்து எடுத்த படத்தை, தகட்டின் ஈரப் பக்கத்தில் தம் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டார். சொல்லித்தர ஆசிரியர் அருகில் இல்லை. கெட்ட தகடுகளே பாடம் சொல்லின. 1864 ஜனவரி 29ஆம் நாள் ஆனி என்ற சிறுமியின் முகம் கண்ணாடியில் அழகாக எழுந்தது. அதையே தம் முதல் வெற்றி என்று அவர் குறித்து வைத்தார். அதே ஆண்டில் இலண்டன் ஒளிப்படச் சங்கத்தில் உறுப்பினராகவும் ஆனார்.

இங்குதான் லென்ஸ் கதை வருகிறது. அவருடைய முதல் லென்ஸின் குவியத்தூரம் 12 அங்குலம். அதன் துளை எஃப் 3.6 என்ற அளவினது. இந்த எண் சிறிதாக இருந்தால் துளை பெரிது என்று பொருள். துளையின் தொழிலை அறிய ஒரு சோதனை செய்து பாருங்கள். செய்தித்தாளை எழுத்துகள் கலங்கும் அளவுக்குக் கண்ணருகே கொண்டுவாருங்கள். ஓர் அட்டையில் குண்டூசியால் துளையிட்டு, நல்ல வெளிச்சத்தில் அதன் வழியே மீண்டும் பாருங்கள். எழுத்துகள் தெளியும், ஆனால் தாள் இருண்டு தெரியும். சிறிய துளை தெளிவைத் தந்து வெளிச்சத்தைக் குறைக்கிறது. பெரிய துளை வெளிச்சத்தைத் தந்து, குறிப்பிட்ட ஒரு தூரத்தில் உள்ளதை மட்டுமே தெளிவாகக் காட்டுகிறது.

அம்மையாரின் லென்ஸில் கண் தெளிந்தால் காது கலங்கும். போதாக்குறைக்கு, முகத்தை மங்கிய பக்க வெளிச்சத்தில் நிறுத்தியதால் மூன்று முதல் ஏழு நிமிடம்வரை எதிரில் இருப்பவர் அசையாதிருக்க வேண்டும். அத்தனை நேரம் யாரால் அசையாதிருக்க முடியும்? ஆகவே அவர் படங்களில் மென்மையான கலக்கம் எப்போதும் இருந்தது.

ஒளிப்பட இதழ்கள் அவரைக் கடிந்துகொண்டன. குவியம் சரியில்லை, தகட்டில் விரல் ரேகையும் கீறலும் தெரிகின்றன, தொழில் தெரியாத பெண்மணியின் கைவேலை என்றெல்லாம் எழுதின. விரல் ரேகை குற்றம்தான். அதை நாமும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கலக்கம்? முதலில் அது தற்செயலாக நேர்ந்தது. லென்ஸைத் திருகிக் கூர்மைப்படுத்தும்போது, கண்ணுக்கு எது அழகாகத் தோன்றியதோ அங்கேயே அவர் நிறுத்தினார். பிறகு அதையே தம் வழியாகத் தேர்ந்துகொண்டார். சட்டையின் பொத்தானும் நாற்காலியின் வேலைப்பாடும் துல்லியமாகத் தெரிவதில் அவருக்கு ஆசை இல்லை. மனிதரின் உள்ளம் முகத்தில் தெரிய வேண்டும் என்பதே அவர் வேட்கை.

1866இல் அவர் பெரிய கேமரா ஒன்றைக் கொண்டு வேலை செய்தார். அதன் தகடு 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். அதற்கு இலண்டன் டால்மேயர் நிறுவனத்தின் 30 அங்குலக் குவியத்தூரமுள்ள லென்ஸ் பொருத்தப்பட்டது. ஏன் இந்த மாற்றம்? அக்காலத்தில் முட்டை வெண்கரு பூசிய தாளின் மீது கண்ணாடித் தகட்டை வைத்து வெயிலில் காட்டிப் பிரதி எடுப்பர். தகடு எவ்வளவோ படமும் அவ்வளவே. முகத்தை ஏறத்தாழ உண்மை அளவிலேயே காட்ட விரும்பியவருக்குப் பெரிய தகடும் நீண்ட லென்ஸும் இன்றியமையாதனவாயின. என்ன படம் வேண்டும் என்பது முதலில் தெரிந்தது. கருவி பின்னால் வந்தது. அவ்வாண்டே பெர்லின் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார்.

டெனிசன், கார்லைல், டார்வின் முதலிய பெரியோர் அவர்முன் அமர்ந்தனர். ஒளிப்படத்தைக் கரையாது நிலைநிறுத்தும் ஹைப்போ உப்பின் குணத்தைக் கண்டறிந்த விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலை 1867இல் அவர் எடுத்த படம், கலைந்த வெண்முடியோடு இன்றும் நம்மைப் பார்க்கிறது. அதே கேமராமுன் வேலைக்காரப் பெண்களும் அமர்ந்தனர். மேரி ஹில்லியர் என்ற பணிப்பெண்ணுக்கு முக்காடு அணிவித்து, மடியில் குழந்தையைக் கொடுத்துத் தேவமாதாவாகப் பலமுறை படம் எடுத்தார். அடுப்படியில் உழைத்த முகத்தில் அன்னையின் சாயலைக் கண்ட கண் அது. முன்னர்ச் சொன்ன மேரி ரயனின் படத்தை இலண்டன் கண்காட்சியில் கண்ட ஹென்றி காட்டன் என்ற இளைஞர், 1867இல் அவளையே மணந்து இந்தியாவுக்கு அழைத்துவந்தார். அந்தக் காட்டனே 1904இல் இந்திய தேசிய காங்கிரசின் தலைவரானவர்.

துன்பமும் தொடர்ந்தது. கேமராவைப் பரிசளித்த மகள் 1873இல் பிரசவத்தில் மறைந்தாள். இலங்கைக் காப்பிச் செடிகளை இலை நோய் தாக்கியிருந்தது. குடும்பத்தின் பொருள்நிலை தளர்ந்தது. 1875இல் கணவரும் மனைவியும் இங்கிலாந்தை விட்டு இலங்கை சென்றனர். கடல் கடந்த ஊரில் கிடைக்குமோ கிடைக்காதோ என்று தங்கள் சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றிச் சென்றனராம். களுத்துறையில் மகன் வீட்டில் தங்கியபோதும் கேமரா ஓயவில்லை. அங்குக் கண்ட ஒருவரின் முதுகின் அழகை வியந்து, தோட்டமே இல்லாத வீட்டுக்கு அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தியதாக, அங்கு விருந்தினராய்ச் சென்ற ஓவியர் மரியான் நார்த் எழுதி வைத்துள்ளார்.

அம்மையார் எடுத்தனவாகச் சுமார் 1,200 படங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் இலங்கைப் படங்கள் முப்பதுக்கும் குறைவு. அந்தச் சிலவற்றில் நம்மைத் தடுத்து நிறுத்தும் ஒன்று உண்டு. தமிழகத்திலிருந்து கடல் கடந்து, காட்டு வழியே நடந்து சென்று, காப்பித் தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்களின் முகங்கள் அவற்றில் உள்ளன. ஆனால் பெயர்கள் இல்லை. இளம்பெண், சிறுமி, தொழிலாளர் கூட்டம் என்ற அளவில்தான் குறிப்பு. இங்கிலாந்துப் பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயர் நமக்குத் தெரிகிறது. நம் இனத்துச் சிறுமியின் பெயர் தெரியவில்லை. பெரியோரின் வாழ்க்கையில் குறையையும் கண்டு சொல்வதே கல்விக்கு அழகு. முகத்தை அத்தனை அன்போடு நோக்கிய கண்ணுக்கும், பெயரைக் கேட்டு எழுதும் எண்ணம் அங்கே வரவில்லை.

1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் அம்மையார் காலமானார். மறு ஆண்டு கணவரும் மறைந்தார். மலையகத்தில் பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்து வளாகத்தில் இருவரும் துயில்கின்றனர்.

மாணவியரே, இனி உங்கள் கேள்விக்கு வருவோம். ஊசுட்டேரியின் நடுவில் நிற்கும் நாரையைப் பிடிக்க நீண்ட லென்ஸ் வேண்டும். கோயில் கோபுரமும் மாதா கோயில் முகப்பும் முழுமையாக அடங்க அகன்ற லென்ஸ் வேண்டும். மாலை வெளிச்சத்தில் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் முகத்துக்கு, 50 மில்லிமீட்டர் குவியத்தூரமும் எஃப் 1.8 துளையும் உள்ள எளிய லென்ஸ் போதும். விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. ஆகையால் முதலில் எதை எடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். அதுவரை வீட்டிலுள்ள கைபேசியே போதும். பெற்றோருக்கும் இதையே சொல்வோம்: பிள்ளை எதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள் என்று சில மாதம் கவனியுங்கள், பிறகு கடைக்குப் போகலாம்.

இன்னொன்றும் உண்டு. அதற்குக் காசு வேண்டா. நாற்று நடும் அம்மாவையோ, ஏரிக்கரையில் வலை உலர்த்தும் ஐயாவையோ படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். எடுத்த பின் பெயர் கேளுங்கள். பிரதி எடுத்ததும் அதன் பின்புறத்தில் பெயரையும் ஊரையும் நாளையும் எழுதிவையுங்கள். கேமரூன் அம்மையாரின் படத்தில் பெயரின்றி நிற்கும் நம் சிறுமிக்கு இனி நம்மால் பெயர் தர இயலாது. நம் ஊர்ப் பாட்டிக்கு அந்நிலை வராமல் காக்க நம்மால் இயலும்.