தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

ஈஸ்டர் பண்டிகையன்று கிழக்கு வெளுக்குமுன் தாய்மார் தம் சிறு பிள்ளைகளை எழுப்பி, நீராட்டி, வெள்ளுடை உடுத்தி ஆலயத்துக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் நம் நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. முன்னோர் கல்லறைகளிற் பூவைத்து வருவதும், வீட்டுக் கூடத்திற் பாய் விரித்துக் குடும்பமாய் அமர்ந்து கீர்த்தனை பாடுவதும் உண்டு. பூவும் தமிழ்ப் பாட்டும் இல்லாத பண்டிகையை இப்பிள்ளைகள் அறியார். ஆயினும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் தஞ்சை நாட்டில் இவ்விரண்டுக்கும் தடை வந்தது. அத்தடையை எதிர்த்து நின்று தம் உத்தியோகத்தையும் இழந்தவர் ஒரு புலவர். அவரே வேதநாயக சாஸ்திரியார்.

இவர் 1774ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7ந் தேதி திருநெல்வேலியிற் பிறந்தார். தந்தையார் அருணாசலம் என்பவர். கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவித் தேவசகாயம் என்னும் பெயர் பெற்று உபதேசியாராய் விளங்கியவர். தாயார் ஞானப்பூ அம்மாள். வேதநாயகம் சிறுவராய் இருக்கையில் சுவார்ட்ஸ் ஐயர் திருநெல்வேலிக்கு வந்தார். பையனுடைய கூரிய அறிவைக் கண்டு வியந்து, தந்தையாரின் சம்மதம் பெற்றுத் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார்.

சுவார்ட்ஸ் ஐயர் மணம் புரியாதவர். எனினும் அவரைப் பிள்ளையற்றவர் என்றல் பொருந்தாது. ஜான் காஸ்பர் கோலாப் என்பாரை இளமைதொட்டு வளர்த்துக் குருவாக்கினார். தஞ்சை இளவரசர் சரபோஜிக்கும் பாதுகாவலராயிருந்தார். வேதநாயகமும் அவ்வளர்ப்புப் பிள்ளைகளுள் ஒருவரானார். உபதேசியார் மகனுக்கும் அரச குமாரருக்கும் நட்பு உண்டாயிற்று. பெற்றோரை விட்டு வந்த பிள்ளைக்குப் பண்டிகை என்பது அவ்வளர்ப்புத் தந்தையின் நிழலிலேயே அமைந்தது.

வேதநாயகர் பத்தொன்பதாம் வயதிலே தஞ்சையில் தலைமை உபாத்தியாயர் ஆனார். ஆலயங்களில் அக்காலத்தில் பாடப்பட்டவை பெரும்பாலும் ஜெர்மன் இராகங்களில் அமைந்த ஞானப்பாட்டுகள். அவற்றை இவர் வெறுத்தவர் அல்லர். ஆயினும் ஏற்றம் இறைப்பவனும் கும்மியடிக்கும் பெண்ணும் தம் வாயிலுள்ள மெட்டிலேயே வேத விஷயங்களைப் பாடவேண்டும் என்று கருதினார். ஆகவே குறவஞ்சி, கும்மி, நொண்டி நாடகம், ஏற்றப்பாட்டு ஆகிய நாட்டு வடிவங்களையெல்லாம் கையாண்டார். 1800ஆம் ஆண்டளவில் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி இவற்றுட் புகழ் பெற்றது. எழுத்தறியாத தாயும் ஒருமுறை கேட்டால் தொட்டிலருகே பாடத்தக்க எளிமை இவருடைய பாட்டுகளில் உண்டு.

சுவார்ட்ஸ் ஐயர் 1798ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 13ந் தேதி காலஞ்சென்றார். அவ்வாண்டிலேயே சரபோஜி அரியணை ஏறினார். பழைய நட்பை மறவாத மன்னர் இவரை ஆதரித்தார். ஆயினும் கணபதி துதியை முன்வைத்து ஒரு நூல் பாடும்படி மன்னர் விரும்பியபோது, தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்று புலவர் பணிவுடன் மறுத்தார். மன்னரும் சினந்திலர்.

அரசர் பொறுத்ததைப் பின்வந்த மிஷனெரிமார் சிலர் பொறுத்தாரில்லை. 1820களில் அவர்கள் பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றினர். விசேஷங்களிற் பூ வழங்குதலை விலக்கினர். ஆலயத்தில் தமிழ் இசையை அகற்றினர். சாதியாரைப் பிரித்து அமர்த்தும் முறையையும் ஒழிக்க முற்பட்டனர். இந்நான்கையுமே கொடுமைகள் என்று சாஸ்திரியார் எழுதி முறையிட்டார். சாதி விஷயத்தில் மிஷனெரிமார் பக்கமே நியாயம் இருந்தது. பெரியவர் ஆயினும் இதில் அவரை நாம் பின்பற்றலாகாது. பூவும் பாட்டும் பற்றிய வழக்கிலோ அவர் பக்கமே நியாயம் இருந்தது. குழந்தை பண்டிகையை முதலில் அறிவது பிரசங்கத்தால் அன்று. கண்ட பூவாலும் கேட்ட பாட்டாலுமே என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவ்வழக்கின் பயனாய் மிஷன் வேலை அவரை விட்டுப் போயிற்று.

ஆலயத்தில் இடம் இழந்த பாட்டு வீட்டில் நிலைத்தது. மகள் ஞானதீபம் தந்தையோடு இருந்து பாடினார். பிள்ளைகள் பாடம் பயின்றனர். கேட்டவர் தத்தம் இல்லங்களுக்கு அப்பாட்டுகளைக் கொண்டு சென்றனர். ஒருவரும் அவற்றைத் தடுத்தல் கூடவில்லை. காலமும் திரும்பிற்று. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் 1853ஆம் ஆண்டில் தமிழ்க் கீர்த்தனைகளைத் திரட்டி அச்சிட்டபோது அவற்றுட் பெரும்பாலானவை சாஸ்திரியார் இயற்றியனவே. ஒரு மிஷன் விலக்கியதை மற்றொரு மிஷன் ஏற்றதைத் தம் எழுபத்தொன்பதாம் வயதிற் காணும் பேறு அவருக்குக் கிடைத்தது. 1864ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 24ந் தேதி அவர் தேகவியோகமானார். அவர் வழித்தோன்றல்கள் சாஸ்திரியார் என்னும் பட்டத்தோடு காலட்சேபம் செய்யும் வழக்கத்தைத் தலைமுறைதோறும் காத்து வருகின்றனர்.

மாணவ நண்பர்களே! நம்மிற் பலர் படிப்பு முடித்ததும் வேலையை நாடிச் சொந்த ஊரை விட்டு நீங்குவோம். திருப்பெரும்புதூரை அடுத்த மண்ணூரிலோ, ஒரகடத்திலோ ஒரு தொழிற்சாலைக்கருகில் வாடகை அறையில் குடும்பம் நடத்த நேரிடலாம். பாட்டனார் கல்லறை அங்கே இராது. பாடிப் பழகிய ஆலயமும் இராது. ஈஸ்டர் விடியலில் இரவு வேலை முடித்துத் திரும்பும் தகப்பனும் உண்டு. அப்பொழுதும் குழந்தையை மடிமேல் வைத்து ஒரு கீர்த்தனையைக் கற்பிக்கத் தடையென்ன? வேலை போனபோதும் பாட்டு போகாமற் காத்த ஒருவரின் சரிதம் நமக்குச் சொல்லுவது இதுவே.