எல்லார்க்கும் எட்டிய நடை: பிள்ளை லோகாசார்யர் திருச்சரிதம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ காலங்களில் திவ்யதேசங்களுக்கு வந்து எம்பெருமானை ஸேவிக்கும் அடியார்களுள் ஸம்ஸ்க்ருதம் கற்றவர் சிலர். செந்தமிழில் வல்லவர் சிலர். இரண்டும் கல்லாது, கண்ணாரக் கண்டு கைகூப்பி நிற்பவரே பெரும்பாலார். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னும் நிலைமை இதுவே. இம்மூவகையினர்க்கும் ஒரே தத்துவப் பொருளை எம்மொழியில், எந்த நடையில் உரைப்பது? இந்த வினாவுக்குத் தம் நூல்களாலேயே விடையளித்தருளிய மஹாசார்யர் திருவரங்கத்துப் பிள்ளை லோகாசார்யர்.

திருவவதாரம்

குருபரம்பரை மரபு கூறுமாறு, இவர் 1205-ஆம் ஆண்டுக்கு நேரான குரோதன வருஷம் ஐப்பசித் திருவோண நன்னாளில், வடக்குத் திருவீதிப் பிள்ளையின் திருக்குமாரராக அவதரித்தார். தந்தையார் நம்பிள்ளையின் அந்தரங்க சிஷ்யர். நம்பிள்ளைக்கு லோகாசார்யர் என்னும் சிறப்புத் திருநாமம் உண்டு. ஆசார்ய பக்தியின் மிகுதியால் அத்திருநாமத்தையே தந்தையார் தம் குமாரர்க்குச் சூட்டினார். இவர்க்கு இளையவராக அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் தோன்றினார். உடன்பிறந்தார் இருவரும் இல்லறம் புகாது நைஷ்டிக ப்ரஹ்மசாரிகளாகவே வாழ்ந்து, ஸம்ப்ரதாயத்துக்குத் தம்மை முழுதும் உரியராக்கினர்.

மணியும் பவளமும்

பகவத் ராமாநுஜர் அருளிச்செய்த நூல்கள் ஒன்பதும் ஸம்ஸ்க்ருதத்தில் அமைந்தவை. பாரத தேசம் முழுதும் உள்ள வித்வான்களோடு வாதிட்டு ஸித்தாந்தத்தை நிலைநாட்ட அம்மொழியே ஏற்றது. ஆயினும் திருவாய்மொழிக்கு ஒரு வியாக்கியானம் வேண்டும் என்று அவர் திருவுள்ளம் பற்றியபோது, திருக்குருகைப்பிரான் பிள்ளான் அதனை மணிப்ரவாள நடையில் ஆறாயிரப்படியாக அருளிச்செய்தார். மணியும் பவளமும் ஒரே மாலையில் கோத்தாற்போல வடசொற்களும் தமிழ்ச்சொற்களும் கலந்து வருவது இந்நடை. சொற்களில் வடமொழி மிகுந்தாலும் வாக்கியத்தின் கட்டுக்கோப்பு தமிழுடையதே. படி என்பது முப்பத்திரண்டு எழுத்துக்கள் கொண்ட ஓர் அளவு. அவ்வளவில் ஒன்பதினாயிரம், பன்னீராயிரம், இருபத்தினாலாயிரம், முப்பத்தாறாயிரம் என மேலும் நான்கு வியாக்கியானங்கள் தோன்றின.

இவற்றுள் முப்பத்தாறாயிரப்படியாகிய ஈடு, பிள்ளை லோகாசார்யரின் தந்தையார் எழுதியது. நம்பிள்ளை பகலில் உபந்யஸித்ததைக் கேட்டு, இரவில் ஓலையில் வரைந்துவைத்தார். ஆசார்யனின் அனுமதி பெறாது எழுதியது ஆதலால், நம்பிள்ளை அவ்வோலைகளை வாங்கிக்கொண்டு, பின்னர் ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் அளித்தார். அதன்பின் அந்நூல் நெடுங்காலம் ஒருவர்க்கு ஒருவராகவே உபதேசிக்கப்பெற்று வந்தது.

ஆகவே, எழுதுவதும் எழுதாதிருப்பதும் எத்துணைப் பொறுப்புடைய செயல்கள் என்பதைப் பிள்ளை லோகாசார்யர் தம் இல்லத்திலேயே கண்டறிந்தவர். எழுதாது விட்டால், ஆசார்யனை அடைய வாய்ப்பில்லாத எளியோர்க்குப் பொருள் கிட்டாது. கற்றோர் நடையில் எழுதினாலோ, ஓலை கைக்கு எட்டியும் பொருள் எட்டாது. இந்த இடர்ப்பாட்டைத் தீர்ப்பதே அவர் திருவவதார காரியம் ஆயிற்று.

நான்காம் முறை எழுதிய நூல்

அவர் அருளிச்செய்த ரஹஸ்ய க்ரந்தங்கள் பதினெட்டு. திருமந்த்ரம், த்வயம், சரமஶ்லோகம் என்னும் மூன்று ரஹஸ்யங்களின் பொருளை விளக்க அவர் ஒரு நூலோடு நிற்கவில்லை. முதலில் யாத்ருச்சிகப்படியை அருளினார்; அது மிகச் சுருக்கமாக அமைந்தது. பின்னர்ப் பரந்தபடி என்னும் நூலை அருளினார். அது மிக விரிந்துவிட்டது. சுருக்கமும் விரிவும் அளவாக அமைய ஶ்ரிய:பதிப்படியை அருளினார். அதிலோ ஸம்ஸ்க்ருத வாக்கியங்கள் மிகுந்திருந்தமையால், வடமொழி கல்லாத பெண்டிர்க்கும் எளியோர்க்கும் அது பயன்படாதாயிற்று. ஆகவே இம்மூன்று குறைகளும் நீங்க, 278 ஸூத்ரங்களாக முமுக்ஷுப்படியை இயற்றியருளினார். இவ்வரலாற்றைப் பிற்காலத்தில் அந்நூலுக்கு வியாக்கியானம் அருளிய மணவாள மாமுனிகளே முகவுரையில் எடுத்துரைக்கின்றார்.

இங்கே அடியார்கள் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. ஶ்ரிய:பதிப்படியில் பொருட்குற்றம் ஏதும் இல்லை. வித்வான்கள் கொண்டாடத்தக்க நூலே அது. ஆயினும் கேட்பவர்க்கு விளங்கவில்லை என்பதைக் கேட்பவரின் குறையாக அவர் கொள்ளவில்லை. சொல்லின் குறையாகவே கொண்டார். கல்வியிற் சிறந்தவர் தாம் எழுதியதை, கல்லாதவர் பொருட்டு மீண்டும் எழுதுவது எளிதன்று. புலமையை விடாது, புலமையின் செருக்கை மட்டும் விட்டவர்க்கே அது கூடும்.

வீட்டுப் பேச்சில் வேதாந்தம்

அவர் நூல்களுள் முடிமணியாக விளங்கும் ஸ்ரீவசனபூஷணம் 463 ஸூத்ரங்கள் கொண்டது. ஆழ்ந்த பொருளை அவர் எத்துணை எளிதாகத் தொடங்குகிறார் என்பதற்கு அதுவே சான்று. ஸ்ரீராமாயணத்தின் உட்பொருளைச் சிறையிருந்த பிராட்டியின் பெருமையாகவும், மஹாபாரதத்தின் உட்பொருளைத் தூது நடந்த கண்ணனின் பெருமையாகவும் காட்டுகிறார். பிராட்டி சிறையிருந்ததும் கண்ணன் தூது சென்றதும் கதை கேட்ட எந்த மூதாட்டியும் அறிந்தவை. சரணாகதிக்கு இடம், காலம், தூய்மை முதலிய நியமங்கள் இல்லை என்பதை நிலைநாட்ட, நீராடாத நிலையிலேயே த்ரௌபதி சரணம் புகுந்ததையும், போர்க்களத்தில் பொல்லாதார் நடுவே நின்று அர்ஜுநன் உபதேசம் கேட்டதையும் எடுத்துக்காட்டுகிறார். தர்க்க நூல் பயின்றவர் பல ஏடுகளில் விரித்து வாதிக்கும் பொருள், இங்கே இரண்டு கதைக் குறிப்புகளில் முடிந்துவிடுகிறது.

இளையவரான நாயனார் அருளிச்செய்த ஆசார்ய ஹ்ருதயம் நம்மாழ்வாரின் திருவுள்ளத்தை வெளியிடும் நூல். தமிழ் மறையின் பெருமையை ஐயுறுவார்க்கு அதில் நாயனார் தக்க விடை தருகின்றார். மொழி ஒன்றையே கொண்டு நூலுக்கு ஏற்றம் கூறினால், ஸம்ஸ்க்ருதத்தில் இயன்ற பொய்நூல்களையும் கைக்கொள்ள வேண்டிவரும். பிறப்பைக் கொண்டு கூறினாலோ, மீனவப் பெண்ணிடம் பிறந்த வ்யாஸர் அருளிய ஐந்தாம் வேதத்தின் நிலை என்ன ஆகும்? எனவே நூலின் ஏற்றம் மொழியாலும் அன்று, இயற்றியவர் பிறப்பாலும் அன்று. பொருளாலேயே ஆம் என்பது அவர் துணிபு. தமையனார் நடைமுறையில் காட்டிய நெறிக்குத் தம்பியார் நியாயம் வகுத்தார்.

இந்நெறியின் பயனை விளாஞ்சோலைப் பிள்ளையிடம் காணலாம். அவர் ஈழவ குலத்தில் தோன்றியவர். அக்கால வழக்கத்தால் திருவனந்தபுரத்துக் கோயிலினுள் புக இயலாது, விளாமரத்தின் மேலேறித் திருக்கோபுரத்தை ஸேவித்துவந்தார் என்பர். பிள்ளை லோகாசார்யர் அவரைச் சிஷ்யராக ஏற்று, ஸ்ரீவசனபூஷணப் பொருளை உபதேசித்தருளினார். அப்பொருளின் ஸாரத்தை விளாஞ்சோலைப் பிள்ளை ஏழு தமிழ்ப் பாசுரங்களாகத் திரட்டித் தந்தார். ஸப்தகாதை என்று போற்றப்படும் அந்நூலை இன்றும் வைஷ்ணவர்கள் அநுஸந்திக்கின்றனர். கோயிலுள் புக இடம் பெறாதவர், ஸம்ப்ரதாய நூல்வரிசையில் நிலையான இடம் பெற்றார்.

ஜ்யோதிஷ்குடியில்

1311-இலும் 1323-இலும் தில்லிப் படைகள் தென்னாட்டில் புகுந்தன. அப்படையெடுப்புக் காலத்தில், நூறு பிராயம் கடந்தவராக மரபு கூறும் பிள்ளை லோகாசார்யர், பெரிய பெருமாள் ஸந்நிதி வாசலைக் கற்சுவரால் மறைக்கச் செய்து, நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். வழியில் கள்வர்கள் திருவாபரணங்களைக் கவர்ந்தனர். மதுரைக்கு அருகே ஆனைமலைப் பக்கத்திலுள்ள ஜ்யோதிஷ்குடியில் ஆசார்யர் திருமேனி தளர்ந்து, அங்கேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். அவ்வூர் இன்று கொடிக்குளம் எனப்படுகிறது. அந்திமக் காலத்தில் அங்கிருந்த எறும்புகளையும் மரங்களையும் தம் திருக்கையால் தொட்டருளி, அவற்றுக்கும் நற்கதி உண்டென்று அருளினார் எனப் பெரியோர் கூறுவர். எளிய சொல்லும் எட்டாத உயிர்களுக்கு அவர் ஸ்பர்சமே உபதேசம் ஆயிற்று போலும்.

நம்பெருமாள் பல தேசங்களில் எழுந்தருளியிருந்து, 1371-இல் திருவரங்கம் மீண்டார். ஆசார்யர் செய்த விதைப்பும் வீணாகவில்லை. மதுரை அரசவையில் தமிழ்ப் புலமையால் சிறந்திருந்த திருமலையாழ்வாரைத் திருத்தும் பணியைக் கூரகுலோத்தம தாஸரிடம் அவர் ஒப்புவித்திருந்தார். அத்திருமலையாழ்வாரே திருவாய்மொழிப் பிள்ளையாகி, மணவாள மாமுனிகளுக்கு ஆசார்யர் ஆனார். ஒருகாலத்தில் சிலரிடமே மறைந்திருந்த ஈட்டை, 1432–33-இல் மாமுனிகள் நம்பெருமாள் திருமுன்பே கோஷ்டி முழுதும் கேட்க உபந்யஸித்தார்.

இன்று நமக்கு

காலம் மாறியது. அன்று எளியோர்க்காக இயன்ற முமுக்ஷுப்படியின் மணிப்ரவாளம், இன்று பலர்க்குக் கடினமாகத் தோன்றுகிறது. அதற்காக அந்நூலை ஒதுக்குவதும் தகாது. புரியவில்லை என்பாரை இகழ்வதும் தகாது. கற்றவர் இக்காலத் தமிழில் பொருள் விரித்துரைப்பதும், மற்றவர் அருகிருந்து கேட்பதுமே பிள்ளை லோகாசார்யர் காட்டிய வழி. திருவிழாவுக்கு வந்த அடியார்கள், ஸேவையோடு நில்லாமல், ஸந்நிதியில் நடைபெறும் காலக்ஷேபத்தில் ஒரு நாழிகை அமர்ந்து ஒரு ஸூத்ரத்தின் பொருளையேனும் கேட்டுச் செல்வார்களாக. அதனை இல்லத்தில் உள்ள முதியோர்க்கும் சிறுவர்க்கும் அவரவர் அறிந்த சொல்லால் எடுத்துரைத்தால், நான்கு முறை எழுதிய அந்த மஹானின் உழைப்பு நம் இல்லத்திலும் பலித்ததாகும்.

பிள்ளை லோகாசார்யர் திருவடிகளே சரணம்.