ரொட்டியைச் சந்தேகப்பட்ட டாக்டர்!

பிஸ்கட் பாக்கெட்டில் ‘குளூட்டன் ஃப்ரீ’ன்னு பார்த்திருப்பீங்க. அதுக்குப் பின்னாடி இருக்கிறவர் வில்லெம் டிக்கெ. 1905-ல் நெதர்லாந்தில் பிறந்த குழந்தைகள் மருத்துவர்.

அப்போ சீலியாக் நோய் வந்த குழந்தைகள் வயிறு உப்பி, கைகால் மெலிந்து, பேதியில் வாடுவாங்க. இறந்தவங்களும் உண்டு. காரணம் தெரியாம, வாழைப்பழமா ஊட்டிக்கிட்டிருந்தாங்க டாக்டர்கள். (பாவம், அந்தப் பிள்ளைங்க!) ஹேக் நகரின் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனைக்கு 31 வயசுலயே தலைவரான டிக்கெ, 1930-களிலேயே கோதுமை ரொட்டியை நிறுத்திப் பார்த்தார். பிள்ளைங்க தேறினாங்க.

1944-45 குளிர்காலப் பஞ்சத்தில்தான் கண்டுபிடிச்சார்னு நெட்ல ஒரு கதை சுத்துது. 1941-லயே எழுதிட்டார் பாஸ்! ஊரே பட்டினி கிடந்தப்போ, ரொட்டி கிடைக்காத இந்தக் குழந்தைங்க மோசமாகலை. அது அவர் சந்தேகத்தை உறுதியாக்குச்சு, அவ்வளவுதான்.

ஆனா மத்தவங்க நம்பணுமே! கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும், மலத்தில் எவ்வளவு கொழுப்பு வீணாகுதுன்னு வருஷக்கணக்கில் அளந்தார். 1950-ல் அதுவே அவரோட முனைவர் பட்ட ஆய்வு. வில்லன் மாவுச்சத்து இல்லை, குளூட்டன்தான்னு வெய்யர்ஸ், வான் டி காமர் என்ற சகாக்களோடு அடுத்த சில வருஷங்களில் காட்டினார். அரிசியும் மக்காச்சோளமும் தாராளமா சாப்பிடலாம்னு ஆச்சு.

1962-ல், 57 வயசில் டிக்கெ இறந்தார். சீலியாக் நோய்க்கு இன்னிக்கும் சிகிச்சை அதே பத்தியம்தான்.