டாக்டர் மோசே ஸ்விக்

எக்ஸ்-கதிர் எலும்பை எளிதிற் காட்டும். சிறுநீர் செல்லும் வழிகளையோ தெளிவாய்க் காட்டாது. அவற்றைக் காணவேண்டின், முன்னாளிற் சிறுநீர்த் துவாரத்தின் வழியே குழாய் நுழைத்து மருந்தேற்றுவர். இவ்வேதனைக்கு மாற்றுக் கண்டவருள் ஒருவராக நாம் போற்றத்தக்கவர் டாக்டர் மோசே ஸ்விக்.

அமெரிக்கராகிய இவர் 1900ஆம் ஆண்டிற் பிறந்தார். 1928ல் ஆராய்ச்சியின்பொருட்டு ஜெர்மனி சென்றார். அக்காலத்தே பெர்லின் வேளாண் கல்லூரியில் பின்ஸ், ரேத் என்னும் வேதியியலார் இருவர் அயோடின் கலந்த மருந்துகளை ஆக்கியிருந்தனர். நம் கருமத்தம்பட்டி உழவர் நன்கறிந்த பசுவின் மடிநோய்க்கும் அவை பயன்பட்டன. ஆல்டோனா மருத்துவமனையில் மனிதர்க்கு அவற்றுளொன்றை அளித்தபோது, அது சிறுநீரோடு வெளியேறுதலை ஸ்விக் கவனித்தார். அயோடின் எக்ஸ்-கதிரைத் தடுக்குமாதலின், அதனை இரத்தக் குழாயிற் செலுத்தினாற் சிறுநீர் வழி படத்தில் வெண்மையாய்த் துலங்கும் என்று துணிந்தார். பெர்லினிலுள்ள தூய ஹெட்விக் மருத்துவமனையில், 1929ல், யூரோசெலக்டான் என்னும் மருந்தால் அத்துணிபு மெய்யாயிற்று.

ஆயினும், புகழிற் பெரும்பங்கு அங்குத் தலைவராயிருந்த லிக்டன்பெர்க்கையே சேர்ந்தது. ஸ்விக் தாய்நாடு திரும்பி மருத்துவத் தொண்டிலமர்ந்தார். 1965ல் நியூயார்க் மருத்துவக் கழகம் பதக்கமளித்து அவருரிமையை ஏற்றது. 1985ல் அவர் காலமானார்.

மாணவராகிய நாம் அவர்போற் கூர்ந்து நோக்கப் பழகுவோமாக. நாளை ஆசிரியராயின், இளைஞர் உழைப்பை அவர் பெயராலேயே வழங்குவோமாக.