கே. சுப்பிரமணியம்

கே. சுப்பிரமணியம் (சனவரி 19, 1929 - பெப்ரவரி 2, 2011) இந்தியாவின் பாதுகாப்புத்துறை ஆய்வாளரும் இந்திய ஆட்சிப் பணி அதிகாரியும் ஆவார். கார்கில் மறுஆய்வுக் குழுவின் தலைவராகப் பரவலாக அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

திருச்சிராப்பள்ளியில் பிறந்த இவர், சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்று, 1951 ஆம் ஆண்டு ஆட்சிப் பணியில் சேர்ந்தார். புது தில்லியிலுள்ள பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருமுறை பணியாற்றினார். நடுவண் அரசின் கூட்டு உளவுக் குழுவுக்கும் தலைமை வகித்தார். 1999 இல் அறிவிக்கப்பட்ட பத்ம பூசண் விருதை ஏற்க மறுத்தார்.

கார்கில் மறுஆய்வுக் குழு

1999 ஆம் ஆண்டு கார்கில் போருக்குப் பின்னர் இவர் தலைமையில் நால்வர் குழு அமைக்கப்பட்டது. ஊடுருவல் பற்றிய துண்டுத் தகவல்கள் பல அமைப்புகளிடம் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒருங்கிணைத்து மதிப்பிடும் ஏற்பாடு வலுவாக இல்லை. அம்மலைப்பகுதியில் பெரும் ஊடுருவல் இயலாது என்ற முன்முடிவும் மேலோங்கியிருந்தது. இக்குறைகளை அறிக்கை சுட்டியது. அதைத் தொடர்ந்த சீர்திருத்தங்களில் ஒன்றாக, 2002 இல் முப்படைகளுக்கும் பொதுவான பாதுகாப்பு உளவு முகமை தோற்றுவிக்கப்பட்டது.

முக்கியத்துவம்

சிதறிய தகவல்களை இணைக்கவும் மாற்று விளக்கங்களை முன்வைக்கவும் இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பயன்படுத்தப்படுகின்றன. எனினும், பழைய தரவுகளிலுள்ள சாய்வை அவையும் பெறக்கூடும் என்பதால், இக்குழு எழுப்பிய சிக்கல் இன்றும் பொருத்தமுடையதாக உள்ளது.